தகட்டில் அடங்காத குதிரைகள்

மின்சார கோல்ஃப் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், ஆக்சிலோடு சேர்த்து முடுக்கப்பட்ட ஒரு சிறிய மோட்டார் தெரியும். பழைய வண்டியாக இருந்தால் அதன் தகட்டில் 2, 2.5, 3 குதிரைத்திறன் என்று ஏதாவது எழுதியிருக்கும். நம் ஊர்ச் சாலையில் ஓடும் சாதாரண 100 சிசி பைக்கின் எஞ்சினே 8 குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் வரும். அப்படியென்றால் 2.5 குதிரைத்திறன் மோட்டார் நான்கு பேரையும் ஆறு ஈய பேட்டரிகளையும் சுமந்துகொண்டு மேடு ஏறுவது எப்படி?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு வண்டியின் எடை 750 கிலோ. 10 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் சரிவு. வேகம் மணிக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு விசை பின்னுக்கு இழுப்பது சுமார் 735 நியூட்டன். டயர் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு இன்னொரு 150 நியூட்டன். இரண்டையும் வென்று அந்த வேகத்தில் ஏற ஏறத்தாழ 4.9 கிலோவாட் தேவை. அதாவது சுமார் 6.6 குதிரைத்திறன். தகட்டில் உள்ள எண்ணைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனாலும் வண்டி ஏறுகிறது.

தகடு பொய் சொல்லவில்லை. இந்த மோட்டாரால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதை அது சொல்வதில்லை. ஓயாமல் ஓடினாலும் சூடு மிஞ்சாமல் எவ்வளவு தர முடியும் என்பதைத்தான் சொல்கிறது. இரண்டு நிமிட மேட்டுக்கு மோட்டார் மூன்று மடங்கு தரும். அரை மணி நேரம் அதையே கேட்டால் கம்பிச் சுருள் எரிந்துவிடும். மின் மோட்டாரின் வலிமைக்கு எல்லை கட்டுவது பெரும்பாலும் வெப்பமும் நேரமும்தான். கோல்ஃப் வண்டியின் மோட்டாரையும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் மாற்றுகிற கலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

மேடா, வேகமா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குத் தெற்கே பீச்ட்ரீ சிட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. கார் சாலைகளுக்குப் புறம்பாக, மரங்களுக்கு நடுவே 100 மைலுக்கு, அதாவது 160 கிலோமீட்டருக்கு மேல் தனிப் பாதைகள். அவற்றில் ஓடுபவை 10,000க்கும் மேற்பட்ட கோல்ஃப் வண்டிகள். மளிகை வாங்கப் போவதும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் இவற்றில்தான். அதே மாநிலத்தின் அகஸ்டா நகரப் பகுதியில்தான் இத்தொழிலின் இரு பெரும் நிறுவனங்களான இ-இசட்-கோவும் கிளப் காரும் இருக்கின்றன. நம்மூரில் ரயில் நிலையங்களிலும் உயிரியல் பூங்காவிலும் ஓடும் ‘பேட்டரி கார்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

புல்வெளியில் பந்துக்குப் பின்னால் ஓடுவதற்காக வடிவமைத்த வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் இரண்டு குறைகள் தெரிய ஆரம்பிக்கும். ஒன்று, மேட்டில் திணறுகிறது. மற்றொன்று, சமதளத்தில் மணிக்கு 20, 22 கி.மீ. தாண்டுவதில்லை. வண்டிக்காரர் இரண்டையும் சேர்த்து ‘பவர் பத்தவில்லை’ என்பார். இயற்பியலின் கண்ணில் இவை இரண்டு வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு.

நேர்மின் மோட்டார் ஓடும்போது, அதே நேரத்தில் ஒரு டைனமோவாகவும் வேலை செய்கிறது. காந்தப்புலத்துக்குள் ஆர்மேச்சர் என்ற சுழலும் பாகம் சுழலச் சுழல, பேட்டரிக்கு எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தம் அதில் பிறக்கிறது. வேகம் கூடினால் இந்த எதிர் மின்னழுத்தமும் கூடும். அது பேட்டரியின் வோல்ட்டை நெருங்கும்போது உள்ளே நுழையும் மின்னோட்டம் சுருங்கிவிடும். வண்டிக்கு மேலும் வேகமெடுக்க வழி இருக்காது. ஆக, உச்ச வேகத்தை முடிவு செய்வது வோல்ட்டும், மோட்டாரின் சுற்றுகளும் காந்தப்புலமும்.

முறுக்குவிசையின் கதை வேறு. அது காந்தப்புலத்தையும் ஆர்மேச்சரில் ஓடும் ஆம்பியரையும் பொறுத்தது. மேட்டின் அடிவாரத்தில் வண்டி மெதுவாக இருக்கிறது, எதிர் மின்னழுத்தம் குறைவு, மோட்டார் எவ்வளவு ஆம்பியர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கொடுக்க மறுப்பது கன்ட்ரோலர். எனவே மேட்டில் திணறும் வண்டிக்கு ஆம்பியர் வேண்டும். சமதளத்தில் மந்தமான வண்டிக்கு வோல்ட்டோ வேறு மோட்டாரோ வேண்டும். இதைப் பிரித்தறியாமல் பணத்தைப் போடுகிறவர்கள்தான் ‘மாற்றியும் ஒன்றும் தெரியவில்லை’ என்று புலம்புகிறார்கள்.

நொடிக்கு 15,000 தடவை

பழைய வண்டிகளில் கன்ட்ரோலரே கிடையாது. வண்டிக்கு அடியில் தடித்த மின்தடைக் கம்பிச் சுருள்கள் வரிசையாக இருக்கும். பெடலை லேசாக மிதித்தால் எல்லாச் சுருள்களும் சுற்றில் இருக்கும். மேலும் மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக விலகும். மெதுவாகப் போகும்போது பேட்டரியின் சக்தியில் பெரும்பங்கு அந்தச் சுருள்களைப் பழுக்கவைப்பதில் கரைந்தது.

இன்றைய கன்ட்ரோலர் எதையும் எரிக்காமல் அதே வேலையைச் செய்கிறது. அலுமினிய உறைக்குள் பல மாஸ்ஃபெட்டுகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இவை சேர்ந்து நொடிக்கு 15,000 தடவை அளவில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சுகள். இணைத்திருக்கும் நேரத்தின் விகிதத்தைக் கூட்டிக் குறைத்தால் மோட்டாருக்குப் போகும் சராசரி வோல்ட் கூடிக் குறையும். துண்டிக்கும் கணத்திலும் மோட்டாரின் ஓட்டம் நிற்பதில்லை. சுருள்களின் தூண்டல் பண்பு அதை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க, மின்சாரம் கன்ட்ரோலருக்குள்ளேயே ஒரு குறுக்கு வழியில் சுற்றி வருகிறது.

இதில் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. 48 வோல்ட் வண்டி ஒன்றில் சுவிட்சுகள் கால்பங்கு நேரம் மட்டும் இணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குச் சராசரியாக 12 வோல்ட் கிடைக்கும். அந்த நிலையில் மோட்டாரில் 300 ஆம்பியர் ஓடினால் பேட்டரியிலிருந்து வருவது 75 ஆம்பியர்தான். 12ஐ 300ஆல் பெருக்கினாலும் 48ஐ 75ஆல் பெருக்கினாலும் வருவது 3,600 வாட்தான். சைக்கிளில் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றி மேடு ஏறுவதுபோல, கன்ட்ரோலர் வோல்ட்டை விட்டுக்கொடுத்து ஆம்பியரை வாங்குகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் வண்டி, பேட்டரி தருவதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை மோட்டாரில் ஓடவிடுவது இப்படித்தான்.

வண்டியோடு வரும் கன்ட்ரோலர்கள் பொதுவாக 225 முதல் 300 ஆம்பியர் எல்லைக்குள் இருக்கும். கடையில் மாற்றாகக் கிடைப்பவை 400, 500, 600 ஆம்பியர். அந்த எண்ணும் சில நிமிடங்களுக்கான உச்சம் மட்டுமே. மணிக்கணக்கில் தாங்குவது அதில் பாதிக்கும் கீழே.

பெட்டியை வாங்குமுன் பார்க்க வேண்டிய இன்னொன்று, பெடலுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலான மொழி. சில வண்டிகளின் பெடல் மின்தடையின் மாற்றமாகவும், சில ஒரு தூண்டல் உணரியின் வழியாகவும் ‘எவ்வளவு மிதித்தார்கள்’ என்று சொல்கின்றன. புதிய கன்ட்ரோலர் அதே மொழி பேசாவிட்டால் வண்டி நகராது. தாறுமாறாகப் புரிந்துகொண்டால் மிதிக்காமலே நகரும்.

சின்ன கன்ட்ரோலரே காவல்

400 ஆம்பியர் கன்ட்ரோலரைப் பொருத்திய முதல் நாள் வண்டி துள்ளிக் கிளம்பும். அந்தத் துள்ளலுக்கான விலை மோட்டாருக்குள் எழுதப்படுகிறது.

செம்புக் கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மோட்டாரின் மொத்தத் தடை 0.02 ஓம் என்று கொள்வோம். 100 ஆம்பியரில் 200 வாட் வெப்பம்; 200 ஆம்பியரில் 800; 400 ஆம்பியரில் 3,200 வாட். சூடேறிய செம்பின் தடையும் ஏறும். 100 டிகிரி கூடினால் தடை ஏறக்குறைய 40 சதவீதம் அதிகமாகும்; அதனால் வெப்பம் இன்னும் பெருகும்.

கிடைக்கும் முறுக்குவிசையும் அப்படி நான்கு மடங்காகப் பெருகினால் வருத்தமில்லை. குறைந்த மின்னோட்டத்தில் சீரிஸ் மோட்டார் அப்படித்தான் நடந்துகொள்கிறது: ஆர்மேச்சரிலும், காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச்சுருளிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால் ஆம்பியர் இரட்டித்தால் முறுக்குவிசை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆனால் இரும்பு தாங்கும் காந்தப்புலத்துக்கு ஓர் அளவு உண்டு. அந்த நிறைவு நிலையைத் தாண்டியபின் ஆம்பியரை இரட்டித்தால் முறுக்குவிசை அதிகம் போனால் இரண்டு மடங்காகும். வெப்பம் மட்டும் பழையபடி நான்கு மடங்கு. ஒவ்வொரு கூடுதல் ஆம்பியரும் முன்னதைவிடக் குறைவாகச் சம்பாதித்து, அதிகமாகச் செலவழிக்கிறது.

கன்ட்ரோலருக்குள் வெப்ப உணரி இருக்கிறது. தன் மாஸ்ஃபெட்டுகள் சூடானால் அது தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். பிரஷ் வைத்த பழைய மோட்டாரில் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. 275 ஆம்பியருக்கு மேல் தர மறுத்த பழைய கன்ட்ரோலர், யாரும் நியமிக்காமலே மோட்டாருக்குக் காவலாக இருந்தது. அதைக் கழற்றிப் பெரியதைப் போட்டால் கன்ட்ரோலர் குளிர்ந்தே இருக்கும், மோட்டார் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். முதலில் வார்னிஷ் கருகும் வாடை வரும். பிறகு ஆர்மேச்சருக்கு மின்சாரம் வாங்கித் தரும் கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகள் கருத்து, கார்பன் பிரஷ் வேகமாகத் தேயும். கடைசியில் சுற்றுகளுக்கு நடுவே காப்பு விட்டுப்போய் மோட்டார் முடங்கும். இதனால்தான் விவரமறிந்த மெக்கானிக், புதிய கன்ட்ரோலரின் ஆம்பியர் எல்லையை முழுதாகத் திறந்துவிடாமல், மேடு ஏறப் போதுமான அளவோடு மென்பொருளில் நிறுத்திவைப்பார்.

நான்கு டெர்மினல்கள்

எந்த மோட்டார் என்று தெரியாமல் எந்த கன்ட்ரோலரும் வாங்க முடியாது. மோட்டாரின் மேல் துருத்தி நிற்கும் நான்கு டெர்மினல்களைப் பார்த்தால் போதும். நான்கும் ஒரே தடிமனாக, நான்கிலும் பருத்த கேபிள் இருந்தால் அது சீரிஸ் மோட்டார். ஏ1, ஏ2 என்ற இரண்டு மட்டும் பருத்து, எஃப்1, எஃப்2 என்ற இரண்டு மெலிந்து இருந்தால் அது புலச்சுருளுக்குத் தனியாக மின்சாரம் தரும் ரகம். இத்தொழிலில் ‘செப்எக்ஸ்’ என்பார்கள்.

சீரிஸ் மோட்டாரின் புலச்சுருள் தடித்த பட்டையால் சில சுற்றுகளே சுற்றியது. மோட்டாரின் முழு மின்னோட்டமும் அதன் வழியே போகும். இந்த மோட்டாரை ரிவர்ஸில் ஓடவைக்க பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் நடக்குமா? நடக்காது. ஆர்மேச்சர், புலம் இரண்டிலும் திசை மாறுவதால் அவற்றின் பெருக்குத்தொகையான முறுக்குவிசை பழைய திசையிலேயே இருக்கும். புலச்சுருளின் இணைப்பை மட்டும் திருப்பிப்போட வேண்டும். பழைய வண்டிகளின் இருக்கைக்குக் கீழே கையால் திருப்பும் கனத்த ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான். கன்ட்ரோலரைப் பெரிதாக்கி இந்தச் சுவிட்சை அப்படியே விட்டால், அடுத்துக் கருகுவது அதன் செம்புத் தொடுமுனைகள்.

சீரிஸ் மோட்டாருக்கு இன்னொரு ஆபத்தான குணம் உண்டு. சுமையே இல்லாவிட்டால் மின்னோட்டம் குறையும், அதனால் காந்தப்புலம் வலுவிழக்கும், அதனால் வேகம் இன்னும் கூடும். இந்தச் சுற்றுக்கு இயல்பான முடிவு கிடையாது. வண்டியிலிருந்து கழற்றிய சீரிஸ் மோட்டாரை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று முழு வோல்ட்டில் இணைத்தால் ஆர்மேச்சர் சிதறிப் பறக்கலாம்.

செப்எக்ஸ் மோட்டாரில் புலச்சுருள் மெல்லிய கம்பியால் நிறையச் சுற்றுகள். அதற்குப் போகும் சில ஆம்பியரை கன்ட்ரோலர் தனியாக ஆட்டிவைக்கிறது. மேட்டில் புலத்தை வலுவாக்கி முறுக்குவிசை வாங்கலாம். சமதளத்தில் புலத்தைத் தளர்த்தி வேகம் வாங்கலாம். இறக்கத்தில் மோட்டாரை டைனமோவாக்கி வண்டியைப் பிடித்து நிறுத்தலாம். இந்த ரகத்தில், மோட்டாரைத் தொடாமல் கன்ட்ரோலரின் அமைப்பை மாற்றியே கொஞ்சம் வேகம் கூட்ட முடியும். மோட்டாரையே மாற்றுவதென்றால், வேக உணரி உள்ள வண்டியில் புதிய மோட்டாரிலும் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, நேர்மின் மோட்டாரையே விட்டுவிடுவது. நிக்கோலா டெஸ்லா 1888இல் காப்புரிமை பெற்ற தூண்டல் மோட்டாரின் வாரிசுதான் இன்று ‘ஏசி கன்வர்ஷன்’ என்று பெட்டியில் வருகிறது. பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை; சுழலும் பாகத்துக்குக் கம்பி இணைப்பே இல்லை. கன்ட்ரோலர் பேட்டரியின் நேர்மின்சாரத்தை மூன்று கட்ட மாறுமின்சாரமாக்கி மூன்று தடித்த கேபிள்களில் அனுப்புகிறது. வெப்பத்தின் பெரும்பகுதி வெளிக்கூட்டை ஒட்டிய சுருள்களில் பிறப்பதால் எளிதில் வெளியேறுகிறது. மோட்டாருக்குள் வெப்ப உணரியும் வைக்கிறார்கள். சின்ன கன்ட்ரோலர் தற்செயலாகப் பார்த்த காவல் வேலையை இங்கே உணரி தெரிந்தே பார்க்கிறது. விலை கூடுதல். ஆனால் மேடு, வேகம் இரண்டும் ஒருசேர வேண்டுமென்றால் நேர்வழி இதுதான்.

ஒரு போல்ட்டில் 90 வாட்

மின்சாரம் ஒரு வளையத்தில் ஓடுகிறது. அதில் ஒரு கண்ணியை வலுவாக்கினால், அடுத்த மெலிந்த கண்ணி வெளியே தெரியும்.

பல வண்டிகளில் தொழிற்சாலை போட்ட கேபிளின் குறுக்கு வெட்டு சுமார் 13 சதுர மில்லிமீட்டர். 300 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்கு 0.39 வோல்ட் அதிலேயே கரையும். 117 வாட் வெப்பமாகும். பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு, அங்கிருந்து சோலனாய்டு என்ற மின்காந்தச் சுவிட்சுக்கு, கன்ட்ரோலருக்கு என்று கேபிளின் நீளம் நாலைந்து மீட்டர் ஆகிவிடும். 33 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு மாறினால் இந்த வெப்பம் மீட்டருக்கு 46 வாட்டாகக் குறையும்.

கேபிளைவிட மோசமானது தளர்ந்த இணைப்பு. கேபிளின் நுனியிலுள்ள லக்குக்கும் பேட்டரி முனைக்கும் இடையே ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 300 ஆம்பியரில் அந்த ஒரு போல்ட்டில் 90 வாட் பிறக்கும். ஈயம் 327 டிகிரியில் உருகும். பேட்டரி முனையில் இருப்பது அதைவிடவும் சீக்கிரம் உருகும் ஈயக் கலவை. மாற்றம் செய்த வண்டிகளில் பேட்டரி முனை மெழுகாக வழிந்து கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் முடுக்கப்படாத ஒரு நட்டுதான்.

சோலனாய்டும் புதிய மின்னோட்டத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கன்ட்ரோலரின் வாயிலில் பெரிய மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை காலியாக இருக்கும்போது சோலனாய்டு மூடினால் ஒரு கணம் பெருவெள்ளமாக மின்சாரம் பாய்ந்து, பொறி பறந்து, தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாவியைத் திருப்பினாலும் மின்சாரம் நிற்காது. இதைத் தடுக்கத்தான் சோலனாய்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே சில நூறு ஓம் மின்தடை ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதன் வழியே மின்தேக்கிகள் முன்கூட்டியே மெல்ல நிரம்பிவிடும். சில ரூபாய் பெறும் இந்தப் பொருளை மறந்தால் பல ஆயிரம் ரூபாய் பொருள் போகும்.

கடைசிக் கண்ணி பேட்டரி. இத்துறையில் பெயர்பெற்ற டிரோஜன் டி-105 என்ற 6 வோல்ட் ஈய பேட்டரி 25 ஆம்பியரில் 447 நிமிடம் ஓடும்; 75 ஆம்பியரில் 115 நிமிடம். பெருக்கிப் பார்த்தால் முதலாவதில் 186 ஆம்பியர்-மணி கிடைக்கிறது, இரண்டாவதில் 144தான். அவசரப்படுத்தினால் ஈய பேட்டரி தன் கையிருப்பு முழுவதையும் தராது. அதோடு உள்தடையால் வோல்ட்டும் இறங்கும். ஆறு பேட்டரிகளின் உள்தடை சேர்ந்து 0.02 ஓம் என்றால் 300 ஆம்பியரில் 6 வோல்ட் காணாமல் போகும். 36 வோல்ட் வண்டி 30 வோல்ட்டில் ஓடும். வயதான பேட்டரியில் இழப்பு இன்னும் அதிகம். லித்தியம் பேட்டரிக்கு உள்தடை குறைவு. ஆனால் அதன் பாதுகாப்புச் சுற்றின் ஆம்பியர் எல்லை கன்ட்ரோலர் கேட்பதைவிடக் குறைவாக இருந்தால், பாதி மேட்டில் மொத்த மின்சாரமும் துண்டிக்கப்படும்.

மூன்று மடங்குக்கு மேல்

18 அங்குல டயர், 12.4க்கு 1 என்ற கியர் விகிதம் உள்ள வண்டி மணிக்கு 14 மைலில், அதாவது 22.5 கி.மீ. வேகத்தில் போகும்போது மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று சுற்றுகிறது. 25 மைலுக்கு, அதாவது 40 கி.மீ.க்கு ஏற்றினால் 5,800 சுற்று. மையவிலக்கு விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால், கம்யூட்டேட்டரின் பட்டைகளைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை 3.2 மடங்காகிறது. வண்டியின் இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில்தான் வளர்கிறது. அதுவும் அதே 3.2 மடங்கு. அதை உள்வாங்கி வண்டியை நிறுத்த வேண்டியவை, பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளில் பின்சக்கரத்தில் மட்டும் இருக்கும் இரண்டு டிரம் பிரேக்குகள்.

மின்சாரத்தைத் திரும்ப எடுக்கும் பிரேக் இங்கே கைகொடுக்கும், ஆனால் விளம்பரம் சொல்லும் காரணத்துக்காக அல்ல. 700 கிலோ வண்டி 40 கி.மீ. வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் சுமார் 12 வாட்-மணி. பேட்டரித் தொகுப்பில் இருப்பதோ 8,000 வாட்-மணி. முழுதாகத் திரும்பக் கிடைத்தாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. பிரேக் கட்டையின் தேய்மானம் குறைவதும், இறக்கத்தில் வண்டி கைமீறிப் போகாமல் இருப்பதும்தான் உண்மையான லாபம்.

சட்டமும் இந்த வர்க்கக் கணக்கை அறிந்தே கோடு போட்டிருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் 1998ஆம் ஆண்டு விதிப்படி மணிக்கு 20 மைலுக்கு மேல் 25 மைல் வரை போகக்கூடிய நான்கு சக்கர வண்டி ‘குறைவேக வாகனம்’ என்ற தனி வகையில் சேர்கிறது. அதற்கு முகவிளக்கு, திரும்பும் விளக்கு, கண்ணாடிகள், முன்கண்ணாடி, சீட் பெல்ட், வாகன அடையாள எண் எல்லாம் வேண்டும். கன்ட்ரோலரின் மென்பொருளில் ஓர் எண்ணை ஏற்றியதும் வண்டி விளையாட்டுச் சாதனம் என்ற நிலையிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் நுழைந்துவிடும்.

எனவே பணத்தை எடுக்குமுன் நோயைப் பிரித்தறிய வேண்டும். மேடு மட்டுமே குறை என்றால் முதலில் பேட்டரியைச் சோதித்து, இணைப்புகளை முடுக்கி, கேபிளைத் தடிமனாக்கிப் பார்க்கலாம். சில வண்டிகளுக்கு அதுவே போதும். போதாவிட்டால் பெரிய கன்ட்ரோலரும் சோலனாய்டும். பழைய மோட்டாரே இருக்கட்டும், ஆம்பியர் எல்லை மட்டும் அளவோடு. வேகம் குறை என்றால் கூடுதல் வோல்ட்டோ வேறு மோட்டாரோ வேண்டும். அப்போது செலவுப் பட்டியலின் முதல் வரியில் எழுத வேண்டியது பிரேக்.